இரணைமடுக் குளத்துக்கு இந்தப் பக்கம் மக்ரோ படிப்பது

கம்பஸில் பொருளியல் எடுத்த எங்கட பக்கத்துப் பிள்ளைகள் இரண்டாம் வருடத்துக்கு வந்ததும் ஒரே பல்லவிதான். "அண்ணை, உந்த இன்டர்மீடியட் மக்ரோ எங்களுக்குச் சரிவராது. எல்லாம் வெள்ளைக்காரன்ர தியரி." மக்ரோ என்பது பேரினப் பொருளியல், நாடு முழுவதன் வருமானம், விலை, வட்டி பற்றிய பாடம். நான் நேர் எதிராகச் சொல்வேன். இலங்கையில் இந்தப் பாடத்தை விளங்கிப் படிக்க வசதியான பிள்ளை யாரென்றால், கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வளர்ந்த பிள்ளைதான். பொருளாதாரத் தடை, அழிவு, மீள்கட்டுமானம், லீசிங், உரத்தடை, ரூபாவின் சரிவு என்று பாடத்தில் 'அதிர்ச்சி' என்ற ஒற்றைச் சொல்லோடு கடந்து போகிற எல்லாமே அவர்கள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தவை.

பிழை நாங்கள் படிக்கிற விதத்தில் இருக்கிறது. பாஸ்ட் பேப்பரைத் தேடி எடுக்கிறோம். அரச செலவு கூடினால் ஐஎஸ் (பொருட்சந்தைச் சமநிலை) வளையி வலப்பக்கம், பண நிரம்பல் கூடினால் எல்எம் (பணச்சந்தைச் சமநிலை) வளையி வலப்பக்கம் என்று பாடமாக்குகிறோம். பரீட்சை முடிந்த மறுநாள் மறந்தும் விடுகிறோம். 1937இல் ஹிக்ஸ் வரைந்த அந்தப் படம் எந்த எடுகோள்களின் மேல் நிற்கிறது என்று கேட்பதே இல்லை. முதலாம் வருட மக்ரோவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே அந்தக் கேள்விதான். எடுகோளை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தால் எது சரிகிறது, எது நிற்கிறது என்று தெரியும். கிளிநொச்சி, முல்லைத்தீவு அடங்கிய எங்கட வன்னியில் சரிகிற இடங்கள் நிறைய.

பெருக்கியை எடுங்கள். எல்லை நுகர்வு நாட்டம் (கூடுதலாக வருகிற ஒரு ரூபாவில் செலவழிக்கிற பங்கு) 0.8 என்றால், வரியும் இறக்குமதியும் இல்லாத பொருளாதாரத்தில் பெருக்கி 5. அரசு ஒரு ரூபா செலவழித்தால் வருமானம் ஐந்து ரூபா கூடும் என்று சந்தோசமாக எழுதிவிட்டு வருவோம். இப்போது எல்லை இறக்குமதி நாட்டத்தை (அதே ரூபாவில் இறக்குமதிக்குப் போகிற பங்கு) 0.6 என்று உள்ளே போட்டுப் பாருங்கள். பெருக்கி 1.25க்கு இறங்கிவிடும். வன்னியை ஒரு தனி நாடு மாதிரி வைத்துக் கணக்குப் பார்த்தால், வவுனியாவுக்கு அங்கால் இருந்து வருகிற எல்லாமே இறக்குமதிதான்.

போருக்குப் பிறகு இந்திய வீட்டுத் திட்டத்தில், பயனாளியே கட்டும் முறையில், வீட்டுக்கு 5 லட்சத்து 50 ஆயிரம் ரூபா கட்டம் கட்டமாகக் கிடைத்தது. வடக்குக் கிழக்குக்கு மட்டும் 46,000 வீடுகள். வீடு வந்தது, அது பெரிய விசயம், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காசு எங்கே போனது? சீமெந்து வெளியில் இருந்து, கம்பி வெளியில் இருந்து, தகரம் வெளியில் இருந்து. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் மூடப்பட்டது. ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலையும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் போரோடு நின்றுபோயின. இங்கே தங்கியது பெரும்பாலும் மேசன்மாரின் கூலியும் மணல் ஏற்றிய டிராக்டர் வாடகையும். வாய்க்கால் முழுக்க உடைப்பாக இருக்கும்போது குளத்தைத் திறந்துவிட்டு, கடைசி வயலுக்கு ஏன் தண்ணி வரவில்லை என்று கேட்பது மாதிரி. "இவ்வளவு உதவி வந்தும் இவையள் முன்னேறேல்லை" என்று கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருந்து எழுதுகிறவர்கள் இந்த ஒரு சமன்பாட்டையாவது படிக்கலாம்.

அடுத்தது சொலோவின் வளர்ச்சி மாதிரி. எனக்கு இந்தப் பாடத்திலேயே பிடித்த பகுதி இதுதான், கோபம் வருகிற பகுதியும் இதுதான். 1956இல் ரொபர்ட் சொலோ சொன்ன மாதிரியின்படி, போரில் மூலதனம் அழிந்த நாடு மற்ற நாடுகளைவிட வேகமாக வளரும். தொழிலாளி ஒருவருக்கான மூலதனம் குறைவாக இருப்பதால் புதிதாகப் போடும் ஒவ்வொரு ரூபாவும் கூடுதல் பலன் தரும். உதாரணத்துக்கு எப்போதும் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஜேர்மனியும் ஜப்பானும் வரும். வன்னியும் வந்திருக்க வேண்டும்தானே? 2009க்குப் பிறகு சில வருடங்கள் வட மாகாணத்தின் வளர்ச்சி வீதம் நாட்டிலேயே முன்னணியில் நின்றது. ஏ9 வீதி திருத்தப்பட்டது, 2013இல் கிளிநொச்சிக்கு யாழ்தேவி ரயில் வந்தது, வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் வரிசையாகக் கிளை திறந்தன. அப்புறம் அந்த வேகம் அடங்கிப்போனது. மொத்த உற்பத்தியில் வட மாகாணத்தின் பங்கு இன்றும் கடைசி வரிசையில்தான்.

அதற்காகச் சொலோ பொய் என்று எழுதிவிட்டு எழும்ப முடியாது. சமன்பாட்டை மறுபடி பாருங்கள். மூலதனம் இருக்கிறது, உழைப்பு இருக்கிறது, தொழில்நுட்பம் இருக்கிறது. காணி எங்கே? கைத்தொழில் நாட்டுக்கு எழுதிய மாதிரியில் காணியை விட்டுவிடலாம். இங்கே விட முடியுமா? முகமாலையில் கண்ணிவெடி எடுக்கிற வேலை வருடக்கணக்காக இழுபட்டது. கேப்பாப்பிலவுச் சனம் 2017இல் படையினர் வைத்திருந்த தங்கட காணியைக் கேட்டு வீதியில் குந்தியிருந்தது. உழைப்பின் பக்கமும் அப்படித்தான். வேலை செய்கிற வயதுக்காரரில் எத்தனை பேரை இழந்த மண், எத்தனை பேரை வெளியே அனுப்பிய மண் இது. மாதிரி சொன்னது நடக்கவில்லை என்பதைவிட, அது எதைத் தரப்பட்டதாக எடுத்துக்கொண்டதோ அது எங்களுக்குத் தரப்படவே இல்லை என்பதுதான் சரியான விடை. இப்படி எழுதினால் புள்ளி வருமா என்று கேட்காதீர்கள், அது விரிவுரையாளரைப் பொறுத்தது.

காணி என்றதும் வட்டிக்கு வருவோம். குடியேற்றத் திட்டங்களில் கையில் இருப்பது பெரும்பாலும் பெர்மிட் காணி, அரச அனுமதிப்பத்திரத்தில் கிடைத்தது. அதை நினைத்தபடி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. அதனால் காலபோகத்துக்கு முதல் வீட்டில் இருந்து வங்கிக்குப் போவது காப்பும் சங்கிலியும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதத்தை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. ஐஎஸ்-எல்எம் படத்தின்படி கடன் சுருங்க வேண்டும். ஆனால் ரூபா விழ விழத் தங்கப் பவுண் விலை ஏறியது, அதே காப்புக்குக் கூடக் காசு எடுக்கலாம் என்று ஆனது. ஒரே நேரத்தில் வட்டி கடனை இறுக்க, ஈட்டின் பெறுமதி தளர்த்துகிறது. இரண்டில் எது வென்றது? நல்ல ஒரு டிசர்ட்டேசன் தலைப்பு. யாராவது செய்யுங்கள்.

நாணய மாற்று வீதத்தையும் வட்டியையும் சேர்த்துப் பார்க்கிற முண்டெல்-பிளெமிங் மாதிரி பற்றி நீட்ட வேண்டியதில்லை, உண்டியல், அதாவது வங்கிக்கு வெளியே வெளிநாட்டுக் காசு அனுப்புகிற வழி, தெரிந்தால் போதும். 2022 மார்ச் வரை டொலரை 203 ரூபா அளவில் பிடித்து வைத்திருந்தார்கள், வட்டியையும் தாழ்வாக வைத்திருக்கப் பார்த்தார்கள். காசு நாட்டுக்குள் வருவதையும் வெளியே போவதையும் கட்டுப்படுத்தும் மூலதனக் கட்டுப்பாடு இருப்பதால் சமாளிக்கலாம் என்பது கணக்கு. வெளிநாட்டில் உள்ள சித்தப்பா வங்கியால் அனுப்புவாரா, கூட விலை தருகிற உண்டியலால் அனுப்புவாரா? 2020இல் 710 கோடி டொலராக இருந்த பணவனுப்பல் 2022இல் 380 கோடிக்கு வந்தது. வெளிநாட்டுக் காசு எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டுக்கும் வருவதில்லை, யாழ்ப்பாணக் கணக்கை இங்கே போடாதீர்கள். ஆனாலும் உண்டியல்காரரிடம் பின்னேரம் விலை என்னவென்று கேட்டுச் சொன்ன பிள்ளைக்கு, நிலையான நாணய மாற்று வீதம், சொந்த வட்டி வீதம், தடையற்ற மூலதன ஓட்டம் என்ற 'மூன்றையும் ஒன்றாக வைத்திருக்க முடியாது' என்ற விதியை ஒரு நிமிசத்தில் விளங்கப்படுத்தலாம். இரசாயன உர இறக்குமதித் தடையும் அப்படியே: 2021 மே மாதத்தில் வந்தது, நவம்பரில் நீக்கும்போது விதைப்பு முடிந்துவிட்டது. மொத்த நிரம்பல் வளையி இடப்பக்கம் போவதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணத்தை எந்த நாட்டுப் பேராசிரியர் கொண்டுவரப் போகிறார்?

பணவீக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 69.8 சதவீதம், இரண்டு வருடத்தில் பூச்சியத்துக்குக் கீழே. "பிறகேன் சாமான் விலை பழைய விலைக்கு வரேல்லை?" என்று வீட்டில் கேட்பார்கள். வேகம் குறைந்தது, விலை ஏறிய இடத்திலேயே நிற்கிறது. 87 ரூபா மண்ணெண்ணெய் 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் 340 ஆனதையும், பிறகு இறங்கியும் பழைய 87க்குத் திரும்பாததையும் வைத்துச் சொல்லுங்கள், அம்மாவுக்கு உடனே விளங்கும்.

மத்திய வங்கியின் வருடாந்த வெளியீடுகள் தமிழிலும் வருகின்றன, மாகாணவாரி உற்பத்தி விபரமும் எடுக்கலாம். இந்த செமஸ்டர் அசைன்மென்டுக்கு அமெரிக்கத் தரவைக் கொப்பி பண்ணாமல் அதை எடுத்து ஒரு படம் போட்டுப் பாருங்கள். சொலோவுக்குள் காணியைக் கொண்டுவர யாராவது முயற்சி செய்தால் இன்பொக்ஸுக்கு வாருங்கள், கையில் இருக்கிற நோட்ஸ் முழுக்கத் தருகிறேன். ஐஎஸ்-எல்எம் பாஸ்ட் பேப்பர் விடை மட்டும் கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் வராது.