புழுத்த இலந்தைக்கு இயற்கை என்று பெயர் வைக்காதீர்கள்

தை பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் பஸ் ஸ்டாண்டு வாசல், பள்ளிக்கூட வாசல் எங்கே பார்த்தாலும் இலந்தைப்பழக் கூடைதான். உழக்கில் கும்பலாக அளந்து காகிதத்தில் கொட்டித் தருவார்கள். செங்காயும் பழமும் கலந்து கிடப்பதைப் பார்த்தாலே வாய் ஊறும். வீட்டுக்கு வந்து ஒன்றைப் பிட்டால் கொட்டையை ஒட்டி வெள்ளையாக ஒன்று நெளிகிறது. அடுத்ததிலும் அதே கதை. அதற்கடுத்ததில் புழுவைக் காணோம், அது தின்று கழித்த பழுப்புத்தூள் மட்டும் ஈரமாக அப்பிக்கிடக்கிறது. வாங்கியதில் பாதி குப்பைக்குப் போகிறது. மீதிப் பாதியையும் தின்ன மனசு வருவதில்லை.

இதை வெளியே சொன்னால் நாலு பேர் வரிந்து கட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். “புழு இருந்தாத்தான் அது மருந்தடிக்காத பழம், நம்பித் தின்னலாம்” என்கிறார்கள். “அந்தக் காலத்துல நாங்கள்லாம் கண்ணை மூடிட்டுத் தின்னோம், ஒண்ணும் ஆகலையே” என்கிறார்கள். அதோடு விடுகிறார்களா? அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்று பழமொழியையும் தூக்கிப் போட்டு வாயடைக்கப் பார்க்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருவது இந்தப் பேச்சைக் கேட்டுத்தான்.

அத்திக்கும் இலந்தைக்கும் என்னங்க சம்பந்தம்? காட்டத்திக்குள் புழு என்று சொல்வது ஒரு குளவியை, அது அந்த மரத்தோடு பிறந்த உறவு. அந்தக் குட்டிக் குளவி உள்ளே நுழைந்து மகரந்தம் சேர்க்காவிட்டால் அத்தியில் விதையே பிடிக்காது. இலந்தைப் புழு அந்த ரகம் இல்லை. அதை வைப்பது ஒரு பழ ஈ. பூச்சியியல்காரர்கள் கார்போமியா வெசுவியானா என்பார்கள். வீட்டு ஈயைவிடச் சிறியது, இறக்கையில் பட்டை பட்டையாக மஞ்சள் கோடு ஓடும். ஐப்பசி வாக்கில் காய் பட்டாணி அளவு இருக்கும்போதே தோலைக் குத்தி உள்ளே முட்டை வைத்துவிடும். சில நாளில் பொரித்து, புழு சதையைத் தின்றுகொண்டே கொட்டை வரை போய்விடும். இந்த ஈ இல்லாமல் போனால் இலந்தை மரத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பிறகு எந்தக் கணக்கில் இது புனிதமாகிவிட்டது?

மரத்தடியில் நடப்பதைச் சொன்னால் என் கோபம் புரியும். புழு பழத்துக்குள் தின்று கொழுத்ததும் தோலில் வட்டமாக ஓட்டை போட்டு வெளியே வந்து மண்ணில் விழும். இல்லையென்றால் பழத்தோடேயே விழும். விழுந்ததும் ஓரிரண்டு அங்குலம் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகிவிடும். அதிலிருந்து வரும் ஈ மறுபடியும் அதே மரத்துக் காயைத்தான் தேடி ஏறும். சில கூடுகள் அடுத்த காய்ப்பு வரை மண்ணுக்குள் அப்படியே கிடந்து காத்திருக்கும். ஆக, மரத்தடியில் விழுந்து கிடக்கும் சொத்தைப் பழத்தை ஒருவரும் பொறுக்கி அப்புறப்படுத்தவில்லை என்றால், அடுத்த வருடத்துப் புழுவுக்கு நாமே விதைப்பு போட்டுவிட்டோம். இதற்கு எடுத்த எடுப்பில் மருந்தைத் தேடி ஓட வேண்டியதில்லை. விழுந்த பழத்தை அன்றன்றைக்குப் பொறுக்கி அழிக்க வேண்டும், மரத்தடி மண்ணை ஒருமுறை நன்றாகக் கொத்திப் புரட்டிவிட வேண்டும். மேலே வந்த கூட்டை வெயில் காய்ச்சும், கோழி கிளறித் தின்னும். விவசாயத்துறைக்காரர்களும் முதலில் சொல்வது இதைத்தான், மருந்தெல்லாம் அப்புறம்தான்.

செய்கிறோமா? கம்மாய்க்கரை இலந்தையைப் போய்ப் பாருங்கள். அடியில் காலை வைத்தால் நசநசவென்று புளித்த வாடை. புழுத்ததும் அழுகியதும் மெத்தை மாதிரி கிடக்கும். முன்பெல்லாம் ஆட்டுக்கிடை அந்தப் பக்கம் போகும். விழுந்ததை ஆடுகள் உடனுக்குடன் மேய்ந்துவிட்டு, அசைபோடும்போது கொட்டையை மட்டும் துப்பும். புழுவுக்கு மண்ணைத் தொடவே நேரம் கிடைக்காது. இன்றைக்குக் கம்மாயைச் சுற்றிப் பிளாட்டு போட்டுக் கல் ஊன்றியாகிவிட்டது, கிடை எங்கிருந்து வரும்? ஆடு பார்த்த வேலையை மனிதனாவது பார்க்க வேண்டாமா?

பார்க்காததுகூடப் பரவாயில்லை. அந்தக் குப்பையைக் கூட்டி அள்ளி விற்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. துரட்டியால் கிளையை உலுக்குவார்கள், புதுப் பழம் பழைய சொத்தையின் மேலேயே விழும். எல்லாவற்றையும் சேர்த்து வாரிச் சாக்கில் கட்டிவிடுவார்கள். விரித்துப்போட ஒரு பழைய சேலையோ தார்ப்பாயோ கிடைக்காதா? உலுக்குவதற்கு முன்னால் தரையை ஒரு தடவை பெருக்கிவிட்டுத் துணியை விரித்தால் போதும், கூடையில் வரும் பழைய சொத்தை அங்கேயே நின்றுவிடும். முள்ளில் கையைக் கிழித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பறிக்கிற அம்மாக்களை நான் சொல்லவில்லை. அவர்களுக்குக் கிடைப்பதே சொற்பம். அவர்கள் நல்லதாகக் கொண்டுவந்து போட்டாலும், சாக்குக் கணக்கில் வாங்கி, மேலாக நல்ல பழத்தைப் பரப்பி, அடியில் கூட்டிய சரக்கைக் கொட்டி விற்கிற இடைத்தரகர்களைத்தான் சொல்கிறேன். தெரிந்தே செய்கிறார்கள். கேட்டால், “காட்டுப்பழம்னா அப்படித்தான் சார் இருக்கும்.”

பார்த்து வாங்க வேண்டியதுதானே என்று அறிவுரை வேறு. எப்படிப் பார்ப்பது? எல்லோரும் ஓட்டை உள்ள பழத்தை ஒதுக்கிவிட்டு, ஓட்டை இல்லாததைப் பொறுக்குகிறார்கள். வட்ட ஓட்டை விழுந்தது என்றால் புழு வெளியே போய்விட்டது. ஓட்டை இல்லாமல் பளபளவென்று இருப்பதற்குள்தான் அது இன்னும் உட்கார்ந்திருக்கும். தெரிந்துகொள்ள ஒரே அடையாளம், ஊசி குத்திய மாதிரி ஒரு கரும்புள்ளி. அந்த இடம் லேசாகக் குழிந்திருக்கும், காய் ஒரு பக்கம் கோணியிருக்கும். உழக்கு உழக்காக அளந்து கொட்டுகிற கூட்டத்தில் நின்றுகொண்டு சுண்டுவிரல் நுனி அளவு பழத்தில் யாரால் அதைத் தேட முடியும்? இது போதாதென்று சிவப்பாக இன்னொரு புழுவும் உண்டு. அது ஒரு அந்துப்பூச்சியின் புழு. பழத்தைக் குடைந்து, கொட்டையைச் சுற்றிக் கழிவாலேயே நிரப்பி வைத்துவிடும்.

உப்புத்தண்ணீரில் ஊறப்போடுங்கள், புழு தானாக வெளியே வரும் என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெளிநாட்டில் ராஸ்பெரிக்கு அப்படிச் செய்கிறார்கள், சரி. அது தொட்டாலே நசுங்குகிற பழம், தடுக்கத் தோல் என்று ஒன்றும் பெரிதாக இல்லை. இலந்தைத் தோல் அப்படியா? கொட்டையோடு ஒட்டிக்கிடக்கும் புழுவை உப்புத்தண்ணீர் எட்டுவதற்குள் பழம் நமத்துப் போய்விடும். தண்ணீரில் போட்டால் ரொம்பச் சொத்தையானது மிதக்கும், அதை அள்ளி எறியலாம். மற்றதையெல்லாம் பிட்டுத்தான் பார்க்க வேண்டும், வேறு வழியில்லை. பிட்டுப் பார்க்காமல் சின்னப்பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

பிட்டுப் பார்க்கவும் வழியில்லாதது இலந்தை வடை. காயவைத்த பழத்தை உப்பு, மிளகாய் வற்றல், வெல்லம், பெருங்காயம் சேர்த்து இடித்துத் தட்டி வெயிலில் போடுவார்கள். எனக்கு உயிர். வீட்டில் பழத்தை ஒவ்வொன்றாகப் பார்த்து இடித்ததைத் தின்றவர்களுக்குத் தெரியும் அதன் ருசி. இன்றைக்குப் பாக்கெட்டில் தொங்குகிறதே, அதில் பலவற்றுக்குள் எது போகிறது? கூடையில் விலைபோகாமல் கழிந்த சொத்தைதான் உரலுக்குப் போகிறது என்று நான் நேரிலேயே பார்த்தேன். கொட்டையோடு சேர்த்து இடித்து மிளகாயும் பெருங்காயமும் போட்டபின் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? புழு விஷமில்லை, தெரியும். ஆனால் புழு போட்ட ஓட்டை வழியாகப் பூஞ்சை பிடித்துக் கசந்துபோன சதையைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் காசு கொடுத்து வாங்கிச் சப்புகிறார்கள். பாட்டி வைத்தியம், பாரம்பரியத் தின்பண்டம் என்று அட்டையில் அச்சடித்து விற்கக் கூச்சமாக இல்லையா?

வாங்குகிறவர்களே, துணி விரித்து உலுக்கிய பழமா, தரையில் கூட்டி அள்ளிய பழமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கூடைக்கு அடியில் கையை விட்டு அள்ளிப் போடச் சொல்லுங்கள், மறுத்தால் வாங்காமல் வந்துவிடுங்கள். பொறுக்கிப் பறித்த பழத்துக்கு உழக்குக்குப் பத்து ரூபாய் கூடக் கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள். வீட்டில் கழித்த சொத்தையை மறுபடி மரத்தடியிலோ வாய்க்காலிலோ கொண்டுபோய்க் கொட்டிவிடாதீர்கள். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி நாலைந்து நாள் உச்சி வெயிலில் போடுங்கள், உள்ளே இருக்கும் புழு அதிலேயே வெந்து சாகும். பக்கத்தில் ஆடு வளர்க்கிறவர்கள் இருந்தால் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள், அவர்களுக்கும் ஒரு நாள் தீவனமாகும்.