வேப்பும் கைப்பேசியும் ஒரே மேசையில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஓர் இடைநிலைப்பள்ளியில் போன வாரம் திடீர்ப் பைச்சோதனை. பிடிபட்டதையெல்லாம் மேசையில் பரப்பிப் படமெடுத்து, பெற்றோர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போட்டுவிட்டார்கள். இரண்டு கைப்பேசி, ஒரு லைட்டர், சில வேப், அதாவது மின்சிகரெட். ஒரு வேப் அச்சு அசலாக ஹைலைட்டர் பேனா மாதிரி இருந்தது, மாம்பழ வாசனையாம். பென்சில் பெட்டியில் கிடந்தால் நானே கண்டுபிடித்திருக்க மாட்டேன். படத்தின் ஓரத்தில் பையன்களின் முகமும் பாதி தெரிகிறது. அது யார் யோசனையோ!

தண்டனை எல்லாருக்கும் ஒன்றுதான்: ஒரு வாரம் இடைநீக்கம்.

கைப்பேசியோடு பிடிபட்டவர்களில் ஒருவனை எனக்குத் தெரியும். தோட்டத்திலிருந்து வேனில் வருகிறவன். கூடுதல் வகுப்பு முடிந்து வேன் வராவிட்டால் அம்மாவுக்குச் சொல்ல வேண்டாமா? சரி, விதிப்படி தப்புதான். போனைப் பிடுங்கி வைத்து, பெற்றோரை வரச்சொல்லிக் கொடுத்திருந்தால் முடிந்தது. வேப் இழுத்தவனுக்கும் இவனுக்கும் ஒரே தராசா?

1959ஆம் ஆண்டுப் பள்ளிக் கட்டொழுங்கு விதிமுறைகள் தலைமையாசிரியருக்கு 14 நாள் வரை இடைநீக்கம் செய்ய அதிகாரம் தருகின்றன. பிரம்படியும் உண்டு, ஆண்பிள்ளைகளுக்கு மட்டும். அந்தக் காலத்தில் பையனை வீட்டுக்கு அனுப்பினால் தோட்டத்து லயத்தில் பாட்டியாவது இருப்பார், பக்கத்து வீட்டு அத்தையே காதைத் திருகுவார். இப்போது அப்பா விடியுமுன் ஈப்போ தொழிற்சாலை பஸ் ஏறிவிடுகிறார். அம்மா செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கப் போகிறார். பையன் எங்கே போவான்? டவுனுக்குத்தான், அதுவும் அந்த வேப்பை விற்ற கடைப் பக்கம்.

வேப் பையன்களை விட்டுவிடச் சொல்லவில்லை. பள்ளியிலேயே வைத்துக் கண்டியுங்கள். ஒரு வாரம் ஆலோசக ஆசிரியர் அறையில் உட்கார வைத்துப் பாடம் எழுதச் சொல்லுங்கள், பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். நிக்கோட்டினுக்குப் பழகிவிட்டவன் என்றால் கிளினிக்கில் காட்ட வேண்டும். பிரம்பெடுத்தால் அந்தப் பழக்கம் போய்விடுமா என்ன?

அப்புறம், விற்றவனை ஏன் யாரும் கேட்கவில்லை? 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கும் புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் 852இன்படி 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு வேப் விற்பது குற்றம். எந்தக் கடை என்று பையன்களிடம் கேட்டால் சொல்லிவிடுவார்கள், சின்ன டவுன்தானே. பள்ளி அதை எழுதி மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு அனுப்பட்டும். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைத்தான் கேட்கப்போகிறேன். அங்கே பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர் யாராவது கூட வந்தால் நல்லது, தனியாகக் கேட்டால் "பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.