என் பட்டியலில் முதல் பெயர் சாவா

ஓய்வுபெற்ற ஜப்பான் கால்பந்து ஆட்டக்காரர்களில் யாருக்கு மவுசு அதிகம் என்று பட்டியல் போட்டால் எல்லோரும் நகாட்டா, நகமுரா என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். இருவரையும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2006-இல் மான்செஸ்டர் யுனைட்டடுக்கு எதிராக ஸ்காட்லாந்தின் செல்டிக் கிளப்புக்காக நகமுரா அடித்த ஃப்ரீ கிக்கை இன்றைக்கும் தேடிப் பார்ப்பேன். ஆனால் ஹோமாரே சாவாவை மட்டும் 'பெண்கள் பிரிவு' என்று தனியாக ஓரங்கட்டுகிறார்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை.

15 வயதில் தேசிய அணிக்குள் வந்தவர். 1995 முதல் 2015 வரை ஆறு உலகக் கோப்பைகள், 205 ஆட்டங்கள், 83 கோல்கள், அதுவும் நடுக்களத்தில் ஆடிக்கொண்டு. ஆண்கள் அணியில் அதிக கோல் அடித்த கமமோட்டோவின் கணக்கு 75. எதிரணிகள் வேறு, இரண்டையும் ஒப்பிடக் கூடாது என்பார்கள். சரி, எண்களை விடுங்கள்.

2011 ஜூலை 17, ஃபிராங்க்ஃபர்ட், உலகக் கோப்பை இறுதி ஆட்டம். நிலநடுக்கமும் சுனாமியும் வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. எதிரே அமெரிக்கா, அதுவரை ஜப்பான் ஒருமுறைகூட வென்றிராத அணி. கூடுதல் நேரத்தில் அமெரிக்காவின் வாம்பாக் தலையால் முட்டி 2-1 ஆக்கியதும் கதை முடிந்தது என்றுதான் தோன்றும். 117-வது நிமிடம், ஜப்பானின் மியாமா இடது மூலையிலிருந்து கார்னர் அடிக்கிறார், கூட்டத்திலிருந்து பிய்த்துக்கொண்டு சாவா அருகிலிருக்கும் கம்பத்தை நோக்கி ஓடி வருகிறார், முகம் கோலைப் பார்த்துக்கூட இல்லை, வலது காலின் வெளிப்புறத்தால் ஒரே தட்டு. பந்து உள்ளே! 32 வயதில், அவ்வளவு நேரம் ஓடிய கால்களோடு. அந்த ஓட்டத்தை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், எங்கே பந்து வரும் என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அப்புறம் பெனால்டி ஷூட்அவுட்டில் ஜப்பான் கோல்கீப்பர் கைஹோரி இரண்டைத் தடுத்தார், 3-1, கோப்பை ஜப்பானுக்கு.

ஆட்டம் தொடங்கும்போது ஜப்பானில் விடிகாலை 3:45. அந்த நேரத்தில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்த ஜனங்களைக் கேட்டால் தெரியும் பிரபலம் என்றால் என்னவென்று. அந்த அணிக்கு அரசு மக்கள் மரியாதை விருது கொடுத்தது, ஒரு குழுவுக்கு அது கிடைத்தது அதுதான் முதல் தடவை. சாவாவுக்கு அந்த உலகக் கோப்பையின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்தும் அதிக கோலுக்கான தங்கக் காலணியும், பிறகு உலகின் சிறந்த வீராங்கனை விருதும். ஜூரிச்சில் கிமோனோ உடுத்திக்கொண்டு மேடையேறி அதை வாங்கினார். ஃபிஃபாவின் அந்த விருது ஆண், பெண் என்று யார் வழியாகவும் அதற்கு முன் ஆசியாவுக்கு வந்ததில்லை.

இதெல்லாம் நகாட்டாவைக் குறைக்கச் சொல்லவில்லை. இத்தாலியில் ஆடப்போய் ஜப்பானியர்களுக்கு அவர் திறந்த கதவு பெரியது. ஒரே பட்டியலில் வையுங்கள் என்கிறேன், அவ்வளவுதான், வைத்தால் என் ஓட்டு சாவாவுக்கு.

கடைசி ஆட்டத்தை நினைத்தால் இன்னும் சிலிர்க்கிறது. 2015 டிசம்பர் 27, ஜப்பான் பெண்கள் அணிகளுக்கான பேரரசி கோப்பை இறுதி, ஓய்வு பெறப்போவதை அறிவித்தாயிற்று, வயது 37. கோலே விழாமல் 78-வது நிமிடம் வரை இழுத்த ஆட்டத்தில் ஒரு கார்னர் வந்தது. சாவா எழும்பி தலையால் முட்டினார். அவருடைய கிளப் ஐநாக் கோபேவுக்கு 1-0 வெற்றி.