கம்பி முழுதாக இருக்கிறது, நெட் இல்லை

அந்தத் திடல் வீடியோவில் இனி யாரும் என்னை டேக் செய்ய வேண்டாம், பார்த்துவிட்டேன். கூட்டத்தின் நடுவில் ஒருவர் நின்று, போனின் சிக்னல் கம்பிகளைத் தூக்கிக் காட்டி, "கம்பி முழுசா இருக்கு, ஒரு மெசேஜ்கூடப் போகல, வேணும்னே பவரைக் குறைச்சு வெச்சிருக்காங்க" என்கிறார். கீழே குவிந்திருக்கும் கருத்துகளில் எல்லோருக்கும் ஒரே மருந்துதான் தெரிகிறது: டவரின் பவரைக் கூட்டு.

அவருடைய கோபம் நியாயமானது. மெசேஜ் போகவில்லை என்பது உண்மை. ஆனால் அவர் தூக்கிக் காட்டிய சாட்சியே அவர் வாதத்தை உடைக்கிறது. கம்பி முழுதாக இருந்தால் பவர் வேண்டிய அளவு வந்து சேர்ந்திருக்கிறது என்று பொருள். நோய் வேறு இடத்தில் இருக்கிறது.

போனில் தெரியும் கம்பி, பெரும்பாலும் டவர் ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கும் குறிப்பு அலையின் வலிமையைக் காட்டுவது. அதை ஆர்எஸ்ஆர்பி என்போம். அதை அளக்கும் அலகு டிபிஎம். மைனஸ் 80 டிபிஎம் என்றால் அருமை, மைனஸ் 115 என்றால் தடுமாற்றம். அந்த டவரில் ஆளே இல்லாத நள்ளிரவிலும் அதே கம்பிதான், ஊரே திரண்டு நிற்கும்போதும் அதே கம்பிதான். உங்களோடு சேர்ந்து எத்தனை பேர் அதைப் பங்கு போடுகிறார்கள் என்று அது சொல்லாது. பக்கத்து டவர்களின் அலை உங்கள் அலைமேல் எவ்வளவு ஏறி மிதிக்கிறது என்றும் சொல்லாது. இந்த இரண்டாவதைச் சொல்வது எஸ்ஐஎன்ஆர். வேண்டிய சிக்னலுக்கும், குறுக்கீடும் இரைச்சலும் சேர்ந்த கூட்டுத் தொகைக்கும் உள்ள விகிதம். அது 20 டெசிபல், அதாவது சிக்னல் நூறு மடங்கு பெரிதாக இருந்தால் ஒரு ஹெர்ட்ஸுக்கு வினாடிக்கு ஆறரை பிட்வரை கணக்கு இடம் கொடுக்கும். 0 டெசிபலுக்கு, அதாவது இரண்டும் சமமாகும் அளவுக்கு இறங்கினால் ஒரே ஒரு பிட். கம்பி இரண்டிலும் முழுதாகவே நிற்கலாம். பல ஆண்ட்ராய்டு போன்களில் *#*#4636#*#* என்றும், ஐபோனில் *3001#12345#* என்று போட்டு அழைத்தும் சிக்னல் எண்களைப் பார்க்கலாம். எல்லா மாடலிலும் எல்லா எண்ணும் தெரியாது. ஆனாலும் கம்பியைவிட அது எவ்வளவோ மேல்.

இன்னொரு முறை சொல்கிறேன்: கம்பி வேகத்தைக் காட்டாது.

இப்போது பங்கு போடும் கணக்கு. 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு 4ஜி கேரியரில், அதாவது அலைவரிசைத் துண்டில், ஒவ்வொரு மில்லிவினாடிக்கும் பகிர்ந்து கொடுக்க 100 கட்டங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் 180 கிலோஹெர்ட்ஸ். அந்த செக்டரில், அதாவது டவரின் ஒரு பக்கத்து ஆன்டெனா பார்க்கும் பகுதியில், இருக்கும் அத்தனை பேருக்கும் அவ்வளவுதான். விளம்பரத்தில் வரும் 150 மெகாபிட், இரண்டு ஆன்டெனா வழியாக, மிகச் சுத்தமான சிக்னலில், ஒரே ஆள் எல்லாக் கட்டங்களையும் எடுத்துக்கொண்டால் கிடைக்கும் உச்சம். அருகிலும் தொலைவிலும் ஆட்கள் கலந்து நிற்கும் உண்மையான செக்டரில் மொத்தமே 30, 40 மெகாபிட்தான் தேறும். 2,000 பேர் ஒரே நேரத்தில் கேட்டால் தலைக்கு 20 கிலோபிட். 2 மெகாபைட் படம் ஒன்று அந்த வேகத்தில் போய்ச் சேர 13 நிமிடம் ஆகும். அதற்குள் ஆப் "தோல்வி" என்று காட்டி மறுபடி முதலிலிருந்து அனுப்பத் தொடங்கியிருக்கும். ஏற்கெனவே திணறும் செக்டருக்கு இன்னும் ஒரு சுமை.

"சரி, பவரைக் கூட்டினால் என்ன நட்டம்?" இந்தக் கேள்விக்கு கிளாட் ஷானன் 1948-லேயே பதில் எழுதிவிட்டார். வழித்தடத்தின் கொள்ளளவு அலைவரிசையின் அகலத்தோடு நேராக வளரும். பவரோடு மடக்கை விகிதத்தில்தான் வளரும். 40 வாட்டை 80 ஆக்கினால் கிடைப்பது 3 டெசிபல். 20 டெசிபலில் இருப்பவருக்கு அதனால் வரும் லாபம் 15 விழுக்காடு. அதுவும் பக்கத்து டவர்கள் சும்மா இருந்தால்தான். ஒரு மண்டபத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் குரலை உயர்த்தினால் எவர் பேச்சும் கூடுதலாகக் கேட்காது. எல்லா டவரும் பவரைக் கூட்டினால் சிக்னலும் 3 டெசிபல் ஏறும், குறுக்கீடும் 3 டெசிபல் ஏறும், விகிதம் அப்படியே நிற்கும்.

அதைவிடப் பெரிய விஷயம், உங்கள் போனின் பவரை யாரும் கூட்டப் போவதில்லை. டவர் 40 வாட்டில் பேசும். பெரும்பாலான 4ஜி போன் அதிகபட்சம் 0.2 வாட்டில் பேசும். திடலில் நின்றவர்கள் செய்தது பதிவேற்றம். எல்லோரும் வீடியோவை மேலே அனுப்பினார்கள். அது போனிலிருந்து டவருக்குப் போகும் பாதை. டவரின் பவரை நூறு மடங்கு கூட்டினாலும் அந்தப் பாதையில் ஒரு பிட் கூடாது.

பாதைக்குள் நுழைவதற்கே ஒரு கதவு வேறு இருக்கிறது. செல் என்பது ஒரு செக்டரின் ஆன்டெனா சேவை தரும் பரப்பு. இணைப்பு கேட்கும் போன், செல் ஒன்றுக்கு இருக்கும் 64 முன்குறிகளில், அதாவது கதவு தட்டும் சிக்னல்களில், ஒன்றைக் குலுக்கலில் எடுத்து அனுப்பும். அந்த 64-லும் சில, பக்கத்து செல்லிலிருந்து கைமாறி வருபவர்களுக்கென ஒதுக்கியவை. இரண்டு போன்கள் ஒரே முன்குறியை ஒரே கணத்தில் எடுத்தால் மோதல், இரண்டும் காத்திருந்து மீண்டும் முயலும். நெட் வரவில்லை என்று கூட்டம் முழுதும் ஏரோபிளேன் மோடைப் போட்டுப் போட்டு எடுத்தால், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு போனும் புதிதாகக் கதவைத் தட்டுகிறது. அந்த வீடியோவிலேயே "ஏரோபிளேன் மோட் போட்டுப் பாருங்க" என்று ஒரு குரல் கேட்கிறது. தனியாக இருக்கும்போது உதவும் வழி அது. பத்தாயிரம் பேர் செய்தால் செல்லை முடக்கும் வழி.

"அப்படியென்றால் எதுவுமே செய்ய முடியாது என்கிறீர்களா?" நிறையச் செய்யலாம். ஒரே அலைவரிசையைச் சிறு சிறு இடங்களில் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதுதான் செல்லுலார் என்ற ஏற்பாட்டின் உயிர். பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் ரிங் 1947-ல் எழுதிய குறிப்பிலேயே அது இருக்கிறது. செல்லைப் பிரித்தால் ஒவ்வொரு துண்டுக்கும் முழு அலைவரிசையும் மறுபடி கிடைக்கும். ஆனால் பிரிக்கும்போது எல்லைகள் கூடும், எல்லையில்தான் குறுக்கீடு. ஆகவே ஆன்டெனாவைக் கீழ்நோக்கிச் சாய்க்க வேண்டும். 30 மீட்டர் உயரத்தில் 2 பாகை சாய்வு வைத்தால் அலைக் கற்றையின் மையம் தரையைத் தொடுவது 860 மீட்டர் தொலைவில். 6 பாகை வைத்தால் 285 மீட்டரில். அந்த நான்கு பாகையை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் பக்கத்து செல்லில் இருப்பவரின் வேகம் அதில்தான் இருக்கிறது. நெருக்கமான இடங்களில் பவரை வேண்டுமென்றே குறைப்பதும் சரியான வேலைதான். ஆம், குறைப்பது. அந்த வீடியோவில் குற்றச்சாட்டாகச் சொல்லப்பட்டதைப் பல இடங்களில் மருந்தாகவே கொடுக்கிறோம். சில விளையாட்டு அரங்குகளில் இருக்கைக்கு அடியில் சிறு ஆன்டெனாக்களை வைக்கிறார்கள். மனித உடல்கள் அலையை உறிஞ்சிக்கொள்வதால் ஒரு ஆன்டெனாவின் அலை பக்கத்துப் பகுதிக்குள் அதிகம் போகாது. கூட்டமே அங்கே சுவராகிவிடுகிறது.

"5ஜி வந்தும் இதே கதிதானே?" 3.5 கிகாஹெர்ட்ஸில் 100 மெகாஹெர்ட்ஸ் அகலமான கேரியர் என்றால் அகலம் மட்டுமே ஐந்து மடங்கு. 64 அனுப்பி, 64 வாங்கி கொண்ட, பல சிறு ஆன்டெனாக்கள் சேர்ந்த மாசிவ் மைமோ ஆன்டெனா வெவ்வேறு திசையில் இருப்பவர்களுக்கு ஒரே கட்டத்தில் தனித்தனிக் கற்றை தரும். வெவ்வேறு திசை என்பதைக் கவனியுங்கள். தோளோடு தோள் ஒட்டி நிற்கும் இருவரைக் கற்றையால் பிரிக்க முடியாது. அந்த அலைவரிசையில் அனுப்புவதும் பெறுவதும் நேரத்தைப் பங்கு போட்டுத்தான் நடக்கும். வழக்கமான அமைப்பில் பதிவேற்றத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நேரம். திடலில் வேண்டியிருந்தது அந்தப் பங்குதான்.

"டவர் வேண்டாம், கதிர்வீச்சு" என்பவர்களுக்கு ஒரு வரி போதும்: டவர் தொலைவில் இருந்தால்தான் உங்கள் காதோரம் இருக்கும் போன் முழு பவரில் கத்தும்.

அடுத்தது எனக்கு வலிக்கும் கேள்வி: "நிறுவனத்துக்கு வக்காலத்து வாங்குகிறாயா?" இல்லை. பரபரப்பான நேரத்தில் ஒரு செக்டரின் கட்டங்களில் 70 விழுக்காட்டுக்கு மேல் தொடர்ந்து நிரம்புகிறது என்றால் அங்கே விரிவாக்கம் தேவை என்று எந்தத் திட்டப் பொறியாளருக்கும் தெரியும். தெரிந்தும் பணம் ஒதுக்காத நிர்வாகத்தைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். முன்கூட்டியே தேதி தெரிந்த நிகழ்ச்சிக்கு வண்டியில் வரும் தற்காலிக டவரைக் கொண்டுவராதது தவறுதான். ஆனால் வண்டியை நிறுத்தினால் மட்டும் ஆகாது. அதற்குப் பின்னால் ஃபைபரோ நல்ல மைக்ரோவேவ் இணைப்போ வேண்டும். இருக்கும் செல்லின் அதே கேரியரில், எல்லை பிரிக்காமல் அதை ஓடவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும்.

நம்பகம் என்று வந்தால் கதை டவருக்குப் பின்னால்தான் நடக்கிறது. ரேடியோ 99.9, மின்சாரம் 99.9, டவரை நெட்வொர்க்கோடு சேர்க்கும் பின்னிணைப்பு 99.9 விழுக்காடு நேரம் வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக இருப்பதால் ஆண்டுக்கு 26 மணி நேரம் சேவை இருக்காது. இரண்டாவது ஃபைபர் போட்டோம் என்பார்கள், இரண்டும் ஒரே பள்ளத்தில் போகும், ஒரே மண்வாரி இயந்திரம் இரண்டையும் அறுக்கும். மழையில் மைக்ரோவேவ் இணைப்பு, ஒரு குறியீட்டில் 10 பிட் ஏற்றும் 1024 க்யூஏஎம்மிலிருந்து 2 பிட் மட்டும் ஏற்றும் க்யூபிஎஸ்கேவுக்கு இறங்கினால் கொள்ளளவு ஐந்தில் ஒன்று, கம்பி அப்போதும் முழுதாகவே. ஈய அமில பேட்டரி 25 பாகை செல்சியஸுக்கு வடிவமைத்தது. அறை 35 பாகையில் இருந்தால் ஆயுள் பாதி. ஏசி பழுதான ஷெல்டரில், அதாவது டவரடிக் கருவி அறையில், அது சத்தமில்லாமல் செத்துக்கொண்டிருக்கும், மின்வெட்டு வரும் அன்றுதான் தெரியும்.

ஆன்டெனா கேபிளை இணைக்கும் கனெக்டர் சமாச்சாரம் இன்னும் கொடுமை. 1805, 1880 மெகாஹெர்ட்ஸில் இரண்டு அலைகள் ஒரே கேபிளில் போகும்போது இணைப்பு தளர்ந்தோ துருப்பிடித்தோ இருந்தால், இரண்டும் கலந்து 1730-ல் ஒரு போலி அலை பிறக்கும். 1805-ஐ இரண்டால் பெருக்கி 1880-ஐக் கழித்துப் பாருங்கள். 1730 என்பது போன்கள் டவரோடு பேசும் பகுதி. டவர் தன் காதிலேயே தான் இரைகிறது. எங்கும் குறையாகத் தெரியாது, பதிவேற்றம் மட்டும் படுக்கும். 7/16 கனெக்டர் என்றால் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 4.3-10 திருகு வகை என்றால் 5 நியூட்டன் மீட்டர், டார்க் ஸ்பேனர் வைத்துத்தான் முடுக்க வேண்டும். கைக்கணக்கு ஆகாது. அதைச் செய்ய ஒருவர் பெல்ட் கட்டிக்கொண்டு மேலே ஏற வேண்டும்.

"டவர் ஆளுங்களை உதைக்கணும்" என்று எழுதியவருக்கும், அதற்குச் சிரிப்புப் போட்டவர்களுக்கும் சொல்கிறேன். நீங்கள் உதைக்கச் சொன்னது அந்த மனிதரைத்தான். கூட்டம் கலைந்த பிறகு ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்ற வந்தவரையும் சேர்த்துத்தான். எத்தனை கேரியர் வாங்குவது, எங்கே டவர் போடுவது என்பதை முடிவு செய்யும் அறைக்குள் அவர்களை யாரும் விடுவதில்லை. என்னைத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். அவர்களை விட்டுவிடுங்கள்.

கடைசியாக, வீட்டில் சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் வாங்கலாமா என்று உள்பெட்டியில் கேட்பவர்களுக்கு. அனுமதியில்லாத பூஸ்டர் வேண்டாம். வெளி ஆன்டெனாவுக்கும் உள் ஆன்டெனாவுக்கும் நடுவிலான தனிமைப்பாடு, அதாவது ஒன்றின் அலை மற்றதை அடையாமல் தடுபடும் அளவு, பூஸ்டரின் பெருக்கத்தைவிட 15 டெசிபலாவது கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அது தன் அலையையே திரும்பத் திரும்பப் பெருக்கி ஊளையிடும். ஊளையிடாவிட்டாலும் வெறும் இரைச்சலைப் பெருக்கி டவருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். உங்கள் வீட்டில் கம்பி முழுதாகிவிடும், செக்டரின் ஓரத்தில் இருப்பவரின் மெல்லிய குரல் அந்த இரைச்சலில் அமிழ்ந்துபோகும், அவர் ஆம்புலன்ஸுக்கு அழைத்தாலும்தான். வீட்டில் வைஃபை இருந்தால் வைஃபை காலிங்கை ஆன் செய்துகொள்ளுங்கள். ஏற்கெனவே பூஸ்டர் மாட்டியிருப்பவர்கள் இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.