தாடைக்குப் பட்டா உண்டா?

(தமிழக-கேரள எல்லையில், புளியரை சோதனைச்சாவடிப் பக்கம் ஒரு டீக்கடை. செங்கோட்டையில் பல்செட் செய்யும் மைதீனை அண்ணாச்சி மடக்குகிறார்.)

அண்ணாச்சி: வே மைதீன், கீழ்செட்டு ஆடித் தொலைக்கிறது. புனலூர் பஸ்ஸில் டிக்கெட் கேட்க வாயைத் திறந்தேன். டிக்கெட்டுக்கு முன்னால் செட்டு கைக்கு வந்துவிட்டது.

மைதீன்: பல் போனபிறகு தாடை எலும்பு கரைந்துகொண்டே போகும் அண்ணாச்சி. கீழ்த்தாடை இன்னும் அதிகம்.

அண்ணாச்சி: என் தாடை, என்னைக் கேட்காமல் எப்படிக் கரையும்?

மைதீன்: செங்கோட்டையே 1956 நவம்பர் 1-ஆம் தேதி திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு இந்தப் பக்கம் வந்தது. யாரைக் கேட்டது? உங்கள் செட்டு பழைய எல்லைக்குப் போட்ட வேலி. ரீலைன் செய்யணும். ஈறில் படுகிற உள்பக்கத்தைச் சுரண்டி, புது மெட்டீரியல் வைத்து, இன்றைய ஈறுக்கு அளவெடுப்பது. பல்வரிசை அதேதான்.

அண்ணாச்சி: அப்போ மெத்தென்று ரப்பர் போல ஒன்று உண்டாமே, அதையே வையும்.

மைதீன்: சாஃப்ட் லைனரா? ஈறு புண்ணாகிறவர்களுக்குச் சரி. அதில் அக்ரிலிக் வகை நாள்பட விறைத்துவிடும். சிலிக்கோன் ஓரத்தில் உரியும். பூஞ்சையும் சொல்லாமல் குடிவரும். உங்களுக்குக் கெட்டியான மெட்டீரியலே போதும்.

அண்ணாச்சி: டாக்டர் வாயிலேயே வைத்து முடித்துவிடுவாராமே?

மைதீன்: முடிக்கலாம். இறுகும்போது சுடும், நெடி மூக்கில் ஏறும். லேபில் கொடுத்தால் உறுதி. ஆனால் அதுவரை பொக்கை வாய்தான்.

அண்ணாச்சி: நாளைக்குச் சம்பந்தி வீட்டு விருந்துவே! நேந்திரங்காய் வறுவலைச் சப்பிக்கொண்டா உட்காருவேன்? மேல்செட்டு மட்டும் எப்படி நிற்கிறது?

மைதீன்: எச்சில்தான் பிடித்துக்கொள்கிறது. செட்டுக்கும் அண்ணத்துக்கும் நடுவில் அது எவ்வளவு மெல்லிசாகப் படிகிறதோ, அவ்வளவு பிடிப்பு.

அண்ணாச்சி: அதானே பார்த்தேன், பாலடைப் பிரதமனைக் கண்டால் மட்டும் கெட்டியாக ஒட்டிக்கொள்கிறது!

மைதீன்: சரி, கீழ்செட்டைக் காட்டுங்கள்.

(அண்ணாச்சி சட்டைப்பையிலிருந்து காகிதப் பொட்டலத்தைப் பிரிக்கிறார். மைதீன் டீ கிளாஸை ஒதுக்கிவிட்டு, செட்டை மேசையில் வைத்து விரலால் தட்டுகிறார். டக் டக் என்று ஆடுகிறது.)

மைதீன்: இது வளைந்தல்லவா கிடக்கிறது! என்ன செய்தீர்கள்?

அண்ணாச்சி: சுத்தமாக இருக்கட்டும் என்று கொதிக்கிற வெந்நீரில் போட்டு எடுப்பேன்.

மைதீன்: தினமுமா?

அண்ணாச்சி: ஞாயிற்றுக்கிழமை லீவு.

மைதீன்: போச்சு! இதற்கு ரீலைன் ஆகாது. புதுசுதான் செய்யணும்.

அண்ணாச்சி: அப்படியா? அப்போ இதைச் சம்பந்திக்குக் கொடுத்துவிடவா? அவருக்கு வாய் பெரிசு.