விதி இல்லை, உத்தரவு

முதல் உலகப் போரில் இறந்த கனடிய வீரர் ஜார்ஜ் பிரைஸின் படத்தைப் போட்டு, "போர் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது செத்த துரதிர்ஷ்டசாலி" என்று நேற்று முழுக்கச் சுற்றிய பதிவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கீழே வரிசையாக "விதி", "எமன் வாட்ச் பார்த்து வந்திருக்கான்", அதற்குச் சிரிப்புப் பொம்மைகள். மனசு ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அது விதி இல்லை. 1918 நவம்பர் 11, காலை ஐந்து மணி தாண்டியதும் போர்நிறுத்தத்தில் கையெழுத்தாகிவிட்டது. அமலுக்கு வந்தது 11 மணிக்கு. பிரைஸ் இறந்தது 10.58-க்கு. மூன்று நாள் முன்பே, பேச்சு முடியும்வரை சுடாமல் இருக்கலாம் என்று ஜெர்மன் தரப்பு கேட்டிருந்தது. நேசப்படைத் தளபதி ஃபோஷ் மறுத்துவிட்டார். இதில் விதி எங்கே வந்தது?

அந்த இரண்டு நிமிடத்தை விட்டால் அவரைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. கனடாவின் கிழக்கே நோவா ஸ்கோஷியாவில் ஒரு சின்ன ஊரில் பிறந்து, மேற்கே சஸ்காட்செவனின் மூஸ் ஜாவுக்குப் போய்ச் சேர்ந்தவர். 1917 அக்டோபரில் கட்டாய ராணுவச் சேர்ப்பில் எடுத்தார்கள். மறு வருடம் பெல்ஜியத்தில், மோன்ஸ் பக்கத்தில் வில்-சூர்-ஏன் என்ற ஊரில், கால்வாயைத் தாண்டி வீடுகளைச் சோதிக்கப் போனபோது மறைந்திருந்து சுட்டுவிட்டார்கள். வயது 25. அவரைக் காப்பாற்ற ஒரு பெல்ஜியப் பெண் தெருவைத் தாண்டி ஓடி வந்திருக்கிறாள். அவளைப் பற்றி அந்தப் பதிவில் ஒரு வரி உண்டா?

"செய்தி முன்னணிக்குப் போய்ச் சேர நேரம் வேண்டாமா?" என்பீர்கள். வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கனடியப் படைத் தலைமையகத்துக்கு ஆறரை மணிக்கே செய்தி வந்துவிட்டது. "பிரைஸும் கூட இருந்தவர்களும் தாங்களாகவே கால்வாயைத் தாண்டினார்கள்" என்றும் சொல்வார்கள். சரி, அப்படியே இருக்கட்டும். துப்பாக்கியோடு அவர்களை அந்தக் கரையில் கொண்டுபோய் நிறுத்தியது யார்?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், எங்கள் மாமா ரிட்டயர் ஆக ஒரு வாரம் இருக்கும்போது மில்லில் பாய்லர் வெடித்துப் போனார். வால்வு சரியில்லை என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். துக்கத்துக்கு வந்த முதலாளி வீட்டு ஆட்கள் அத்தையிடம் சொன்னதும் இதே சொல்தான், "விதிம்மா". வால்வைப் பற்றி அதற்கப்புறம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. விதி என்று சொன்ன உடனே கேள்வி நின்றுபோகிறது. சொல்பவர்களுக்கு அதுதான் வேண்டியிருக்கிறது.

அன்றைக்கு பிரைஸ் மட்டும் சாகவில்லை. எல்லாத் தரப்பிலும் சேர்த்து இரண்டாயிரத்துக்கு மேல் என்பது மதிப்பீடு. பிரெஞ்சு வீரர் ட்ரெபுஷோனும் அதே காலையில்தான் இறந்தார். அவர் கல்லறையில் நவம்பர் 10 என்று தேதி போட்டிருக்கிறார்கள். விதிதான் என்றால் தேதியை ஏன் மாற்ற வேண்டும்?

"தளபதிகளை இப்போது குறை சொல்வது சுலபம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அப்போதே கேட்டார்கள் ஐயா. கடைசி நேரத்தில் மோன்ஸைப் பிடிக்க உயிர்களை வீணடித்ததாக 1927-இல் கனடாவின் போர்ட் ஹோப் ஊர்ப் பத்திரிகை எழுதியது. கனடியத் தளபதி கர்ரி அவதூறு வழக்குப் போட்டு, மறு வருடம் ஜெயித்தார். 500 டாலர் கொடுக்கச் சொன்னது ஜூரி. அவர் பெயரைக் காப்பாற்ற ஒரு கோர்ட் இருந்தது. பிரைஸ் வீட்டார் யார்மேல் வழக்குப் போடுவார்கள்? எங்கள் அத்தை யார்மேல் போட்டிருப்பாள்?