தவிடு பன்றிக்குட்டிக்கு ஆகாதா?

"பால் மறந்த பன்றிக்குட்டிக்குத் தவிடு துளியும் கூடாது, நார்ச்சத்துதான் குடலைப் புண்ணாக்கிக் கழிச்சலைக் கிளப்புகிறது" என்றொரு தகவல் சுற்றுகிறது. தவறு.

தாயைப் பிரித்ததும் குட்டி ஓரிரு நாள் சரியாகத் தின்னாது. சிறுகுடலில் சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நுண்முனைகளான குடலுறிஞ்சிகள் குட்டையாகும், செரிக்காத புரதம் பெருங்குடலில் அழுகும், கழிச்சலைத் தரும் ஈ.கோலை பாக்டீரியா பெருகும். குடல் அழற்சி பெரும்பாலும் இவற்றால்தான் தொடங்குகிறது, தவிட்டால் அல்ல. கரகரப்பாக அரைத்த கோதுமைத் தவிட்டை அளவோடு சேர்த்தால், பெருங்குடல் நுண்ணுயிரிகள் அதை நொதிக்கவைத்து பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைத் தரும். குடல் செல்களுக்கு அது எரிபொருள், அழற்சியையும் தணிக்கும்.

வதந்தியில் கொஞ்சம் உண்மையும் உண்டு. பார்லியில் உள்ளது போன்ற பிசுபிசுப்பான, கரையும் நார் மிகுந்தால் கழிச்சல் கூடலாம். பூஞ்சை பிடித்த தவிடும் கெடுதல்தான். அது தவிட்டின் குற்றமா என்ன? 2022 ஜூனில், குட்டிகளின் கழிச்சலைத் தடுக்கத் தீவனத்தில் கலந்துவந்த மருந்தளவுத் துத்தநாக ஆக்சைடுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டபின், அங்கே புரதத்தைக் குறைப்பதிலும் ஓட்ஸ் உமி போன்ற கரையாத நாரிலும் கவனம் கூடியிருக்கிறது.